அழுத்த அறைக்குள் போகும் முன்

கோவிட் தொற்று போய்விட்டது, மூளை மந்தம் மட்டும் போகவில்லை. மலேசியாவின் பந்திங்கில் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை நான். பலகையில் பாதி வாக்கியம் எழுதும்போதே மீதி மறந்துவிடும். ஒரு மாடி ஏறினால் அன்று முழுக்கப் படுக்கைதான். அரசாங்க மருத்துவமனையில் இதயமும் நுரையீரலும் சரி என்றார்கள். பிறகுதான் கிள்ளான் பக்கம் ஒரு தனியார் மையத்தில் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையைத் தொடங்கினேன். காற்றழுத்தம் கூட்டிய மூடிய அறைக்குள் உட்கார்ந்து சுத்த ஆக்சிஜனைச் சுவாசிப்பதுதான் அது.

முக்குளிப்பவர்கள் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் வரும் அழுத்த நோய்க்கும் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கும் தரும் சிகிச்சை இது. கோவிட்டுக்குப் பிந்திய தொல்லைகளுக்கு இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது. 2022-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வில், 40 அமர்வுகளுக்குப் பிறகு கவனமும் தெம்பும் கூடியிருந்தன. ஆனால் அதில் இருந்தவர்களே 73 பேர்தான். டாக்டர் இதை மறைக்காமல் சொன்னார், அதனால்தான் அவரை நம்பினேன்.

முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, காதுப் பரிசோதனை. நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருந்தால் உள்ளே விடமாட்டார்கள். பருத்தி உடைதான் போட வேண்டும், கைப்பேசி வெளியே. தாதி ஒவ்வொரு முறையும் கேட்பார்: "டீச்சர், தலைக்கு எண்ணெய் வச்சீங்களா? கோடாலித் தைலம் ஏதும் தேச்சீங்களா?" ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் எண்ணெய்ப் பசை எளிதில் தீப்பிடிக்கும். நம் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

கஷ்டமெல்லாம் முதல் சில நிமிடங்களில்தான். அழுத்தம் ஏற ஏற, காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்துத் திணிப்பதுபோல் இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் 'டொக்' என்று திறக்கும். திறக்கவில்லையென்றால் உடனே கையைத் தூக்கிவிடுங்கள், அழுத்தத்தை நிறுத்துவார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தால் செவிப்பறை கெடும். சளி பிடித்திருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

இயல்பான காற்றழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கில் 90 நிமிடம் முகமூடியில் சுத்த ஆக்சிஜன். நடுநடுவே 5 நிமிடம் முகமூடியைக் கழற்றிச் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கச் சொல்வார்கள். ஆக்சிஜன் அளவு மீறி வலிப்பு வராமலிருக்கத்தான் அது.

பல வாரங்கள் கழித்து மந்தம் பெருமளவு விலகியது, முழு வகுப்பையும் திணறாமல் நடத்துகிறேன். சோர்வு அந்த அளவு குறையவில்லை. சிகிச்சையால்தானா, காலம் போனதாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு அமர்வுக்கே சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது, அதனால் கடன் வாங்கிப் போங்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன்.

போகிறவர்களுக்கு இன்னொன்று. அமர்வுகள் கூடக் கூடத் தூரப்பார்வை மங்கலாம். எனக்குச் சாலைப் பலகைகள் கலங்கித் தெரிந்தன. பெரும்பாலும் சிகிச்சை முடிந்து சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். அதுவரை புதுக் கண்ணாடிக்குக் காசு கொடுக்காதீர்கள், பார்வை தெளியாமல் காரும் ஓட்டாதீர்கள்.