கத்திரி வெயிலும் தோல்முட்டையும்

நாங்குநேரி பக்கம் எங்க வீட்டுப் பின்னால 60 கிராமப்பிரியா கோழி நிக்கி. போன கத்திரில மதியமானா எல்லாம் ரெக்கைய விரிச்சு வாயத் தொறந்துட்டு இரைக்க ஆரம்பிச்சிட்டு, பத்து நாள்ல முட்டை பாதியாக் கொறஞ்சுட்டு, வந்ததுலயும் பாதி தோல்முட்டை, கையில எடுத்தாலே அமுங்குது. சுண்ணாம்புச்சத்து பத்தலன்னு நெனச்சு கிளிஞ்சல அள்ளி அள்ளிப் போட்டேன், ஒண்ணும் நடக்கல.

கால்நடை டாக்டர் ஒருத்தர் சொல்லித்தான் புரிஞ்சுது. கோழிக்கு வேர்க்காது, இரைச்சுதான் சூட்ட வெளிய தள்ளணும். அப்படி இரைக்கயில ரத்தத்துல உள்ள கார்பன் டை ஆக்சைடும் சேந்து போயிருது, ஓடு கட்ட வேண்டிய கார்பனேட்டே அதுலருந்துதான் வரணும், பொறவு கிளிஞ்சல் எவ்வளவு கெடந்து என்ன?

எனக்குப் புதுசா இருந்தது வைட்டமின் சி விஷயம். நமக்கு அது சாப்பாட்டுலதான் கெடைக்கணும், கோழி தன் கிட்னியிலயே செஞ்சுக்கிடும். அதனால சாதாரண நாள்ல தனியா குடுக்கவே வேண்டாம். கடுமையான வெயில்லதான் உடம்புல அது செலவாகுறது கூடி, செய்யுறது பத்தாமப் போவுது. அந்த நேரம் தீவனமும் கொறச்சுத்தான் திங்கும், அதுல வாற வைட்டமின் ஈயும் சேந்து கொறையும். மஞ்சக்கருவுக்கான சரக்கு ஈரல்லதான் உருவாகுது, அந்த ஈரலக் காப்பாத்துறதுல வைட்டமின் ஈக்கு பெரிய பங்கு உண்டு.

கேட்ட உடனே வைட்டமின் சி பொடிய வாங்கி மாடி டேங்க்ல கலந்துட்டேன், அதான் நான் செஞ்ச தப்பு. தண்ணியில கரைச்ச வைட்டமின் சி சூடு, வெளிச்சம், குளோரின் பட்டா சீக்கிரமே வீணாயிரும். "ஏல, கோழிக்குக் குடுக்கியா, டேங்குக்குக் குடுக்கியா?"ன்னு ஆச்சி கேட்டது இன்னும் மனசுல கெடக்கு.

இப்பம் தீவனத்துலதான் கலக்கேன், கிலோவுக்கு 250 மில்லிகிராம். ஒரு கோழிக்கு நாளைக்கு 110 கிராம் தீவனம்னா 60 கோழிக்கு ஆறரை கிலோ, அதுக்கு ஒண்ணரை கிராமுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அன்னன்னைக்குக் கலந்து, வெயில் ஏறுமுன்ன விடியக்காலமே போட்டுருதேன். கிளிஞ்சல் சாயங்காலம், ஏன்னா ஓடு கட்டுறது பெரும்பாலும் ராத்திரிதான். மல்டிவைட்டமின் வாங்குறவங்க அளவு மீறாதீங்க, சி கூடுனா வெளிய போயிரும், ஏயும் டியும் உடம்புலயே தங்கி கேடு செய்யும்.

இதெல்லாம் நிழலுக்கும் தண்ணிக்கும் பொறவுதான். பனை ஓலையில பந்தல் போட்டு, மத்தியானம் ரெண்டு தடவ மண்பானையில பச்சத்தண்ணி மாத்தி வைக்கோம். தோல்முட்டை இப்பமும் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு வருது.