இன்புட் எரர்ஸ் ஏறுதுன்னு உடனே கேபிளை மாத்தாதீங்க

போன மாசம் ஒரு பிராஞ்ச் ஆபீஸ்ல இருந்து கம்ப்ளெயின்ட். காலைல நெட் நல்லாருக்கு, 11 மணிக்கு மேல எல்லாரும் வேலைல உக்காந்ததும் இழுக்க ஆரம்பிக்குது, ஃபைல் காப்பி போட்டா நகரவே மாட்டேங்குது, ஆனா பிங் (எதிர்ப்பக்கம் பதில் வருதான்னு பாக்க அனுப்புற சின்ன சோதனை பாக்கெட்) போட்டா ரிப்ளை வந்துட்டே இருக்கு. இந்த பிங் தான் ஆளை ஏமாத்தும், லைன் நல்லாதானே இருக்குன்னு நம்ப வச்சிடும்.

சிஸ்கோ ரவுட்டர்ல ஷோ இன்டர்ஃபேசஸ்ங்கிற கமாண்ட் அடிச்சா இன்புட் எரர்ஸ்ல (போர்ட்டுக்கு வந்தும் சரியா வாங்க முடியாம போனதோட கணக்கு) பெரிய நம்பர் நிக்குது. கவுன்ட்டரை யாருமே க்ளியர் பண்ணதில்ல, அதனால அந்த நம்பர் நேத்து வந்ததா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்ததான்னு சொல்லவே முடியாது. முதல்ல க்ளியர் கவுன்ட்டர்ஸ் போட்டுட்டு, 10 நிமிஷம் விட்டு திரும்ப பாருங்க, இப்போ எது ஏறுதோ அதுதான் பிரச்சினை.

இன்புட் எரர்ஸ்ங்கிறது கூட்டுத்தொகை. அதுக்குள்ள சிஆர்சி, ஃப்ரேம், ரன்ட்ஸ் (64 பைட்டை விட குட்டையானது), ஜெயன்ட்ஸ் (அளவுக்கு மீறி பெருசானது), ஓவர்ரன், இக்னோர்டு எல்லாம் அடங்கியிருக்கு (ஒரே பாக்கெட் ரெண்டு கணக்குல விழலாம், அதனால கூட்டிப் பாத்தா டேலி ஆகலைன்னு மண்டைய உடைச்சுக்க வேணாம்). ஓவர்ரன், இக்னோர்டு மட்டும் ஏறுதுன்னா ஒயர் மேல தப்பே இல்ல, வர்ற வேகத்துக்கு ரவுட்டரால வாங்கி வைக்க முடியல, அதுக்குப் போய் கேபிள் மாத்தி பிரயோஜனமே இல்ல. சிஆர்சி வேற கதை. அனுப்புறவன் ஃப்ரேம் (ஒயர்ல போற டேட்டா பொட்டலம்) முழுக்க கணக்குப் போட்டு கடைசில 4 பைட் ஒட்டி அனுப்புவான், நம்ம பக்கம் அதே கணக்கைப் போட்டுப் பாக்கும், ஒத்துப்போகலைன்னா அந்த ஃப்ரேமை அப்படியே தூக்கிப் போட்டுடும், திரும்ப அனுப்புன்னு ரவுட்டர் யாரையும் கேக்காது. ரெண்டு முனைல இருக்கிற கம்ப்யூட்டர்ல ஓடுற டிசிபி தான் கொஞ்ச நேரம் கழிச்சு பாக்கெட் போய் சேரலைன்னு தெரிஞ்சு மறுபடி அனுப்பும், அதோட தன் வேகத்தையும் குறைச்சுக்கும். யூசர் "இழுக்குது"ன்னு சொல்றது இதைத்தான்.

எங்க ரவுட்டர்ல சிஆர்சியும் ரன்ட்ஸும் சேந்தே ஏறுச்சு. கேபிளை மாத்தினோம், அப்பவும் ஏறுச்சு. அப்புறம் கான்ஃபிகை பாத்தா எங்க பக்கம் ஸ்பீடு 100, டூப்ளெக்ஸ் ஃபுல்னு (ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அனுப்பலாம்) கையால செட் பண்ணி வச்சிருக்கு, லைன் குடுக்கிறவங்க சமீபத்துல மாத்தின ஸ்விட்ச் ஆட்டோல (எதிர்ப்பக்கத்தோட பேசி தானே முடிவு பண்றது) இருக்கு. ஆட்டோல இருக்கிறது எதிர்ப்பக்கம் பேச்சுவார்த்தைக்கே வரலைன்னா சிக்னலை வச்சு 100னு ஸ்பீடை கண்டுபிடிச்சிடும், டூப்ளெக்ஸை கண்டுபிடிக்க அதுக்கு வழி கிடையாது, ஸ்டாண்டர்டு சொல்றபடி ஹாஃப்னு (ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும்தான் அனுப்பலாம்) எடுத்துக்கும்.

இப்போ நாங்க ஃபுல், அவங்க ஹாஃப். அவங்க அனுப்பிட்டிருக்கும்போது நாங்களும் அனுப்புவோம், எங்களுக்கு அது சகஜம், அவங்களுக்கு அது மோதல். உடனே பாதி ஃப்ரேமோட நிறுத்திடுவாங்க. அந்த அரைகுறை ஃப்ரேம் 64 பைட்டுக்குள்ள அறுந்திருந்தா எங்களுக்கு ரன்ட், அதைத் தாண்டி அறுந்திருந்தா சிஆர்சி எரர். இப்படி 64 பைட் தாண்டி நடந்த மோதல் அவங்க பக்கம் லேட் கொலிஷன்னு பதிவாகும். போன் பண்ணி பாக்கச் சொன்னேன், லேட் கொலிஷன் ஏறிட்டே இருந்துச்சு. பிங் ஏன் தப்பிச்சுதுன்னும் இதுல புரிஞ்சிடும், ஒத்தையா போயிட்டு வர்ற சின்ன பாக்கெட், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பேசுற வாய்ப்பே ரொம்ப கம்மி.

எங்க பக்கமும் ஆட்டோ போட்டோம். போர்ட் ஒரு தடவை டவுன் ஆகி அப் ஆச்சு, கவுன்ட்டரை க்ளியர் பண்ணிட்டு அடுத்த நாள் சாயங்காலம் பாத்தேன், எல்லாமே 0.

சொல்ல விட்டுப்போன ஒண்ணு: நடுவுல கட்-த்ரூ ஸ்விட்ச் இருந்தா உங்க போர்ட்ல தெரியிற சிஆர்சி உங்க ஒயர்ல வந்ததாவே இருக்கணும்னு இல்ல. அது ஃப்ரேமோட வால் வந்து சேர்றதுக்கு முன்னாடியே தலையை அனுப்ப ஆரம்பிச்சிடும், கெட்டுப்போன ஃப்ரேம்னு தெரியவரும்போது பாதி போயிருக்கும். அந்த மாதிரி இடத்துல ஒவ்வொரு போர்ட்டா பின்னாடி போய், இன்புட்ல சிஆர்சி முதல்ல எங்க ஆரம்பிக்குதுன்னு தேடணும்.