எவ்வளவு கொஞ்சம், சார்?

வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தவன் நான். வேலை தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்றுதான் அப்போது நம்பினேன். முதல் மாதம் வால்வு கிளியரன்ஸ் பாடம், அதாவது இன்ஜின் வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்முக்கும் நடுவில் இருக்க வேண்டிய சின்ன இடைவெளி. ராக்கர் ஆர்முக்கும் வால்வுத் தண்டின் முனைக்கும் நடுவில் ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை விட்டு, "இழுத்தால் கொஞ்சம் பிடிக்கணும், அவ்வளவுதான்" என்று காட்டினேன். முன்னால் நின்ற ஒரு மாணவி கேட்டாள்: "எவ்வளவு கொஞ்சம், சார்?"

கை பழகினால் தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த இன்ஜினுக்குப் போய்விட்டேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அது பதிலே இல்லை என்பது அன்று ராத்திரி வரைக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. பதில் ஒன்று இருக்கிறது, சுலபமான பதில்: 0.20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டுமென்றால் 0.20 தகடு லேசான பிடிப்போடு போய் வர வேண்டும், 0.25 தகடு உள்ளே போகவே கூடாது. இதை நானும் தினமும் செய்துகொண்டுதான் இருந்தேன். வாயில்தான் வரவில்லை.

தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கேள்விதான். நமக்கு வழக்கமாகக் கிடைக்கும் பயிற்சி எப்படிப்பட்டது? ஒரு நாள், ஒரு ஹால், திரையில் ஸ்லைடு, சாயங்காலம் சான்றிதழ். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துத் தயாரித்த பாடம் அது. என் மாணவர்கள் உட்காருவதே இல்லை. நாலு பேர் ஒரு இன்ஜினைச் சுற்றி நிற்பார்கள், ஒருவன் கையில் ஸ்பேனர் இருக்கும், இன்னொருவன் பேட்டரி டெர்மினலைக் கழற்றிக்கொண்டிருப்பான், எல்லோரையும் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டும். அந்த ஹாலில் சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை பட்டறைக்குள் நுழையும்போது அதில் எதுவும் கையில் இருப்பதில்லை, அதுதான் பிரச்சினை.

இதை ஏற்கெனவே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு வேலையே தெரியாத ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய மேஸ்திரிகள் என்னைப் போலத்தான், கை பேசும், வாய் பேசாது. அவர்களுக்காக 1940-ல் தொடங்கி 1945 வரை ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி என்று ஒரு திட்டம் நடந்தது. அதற்கு அடிப்படையான நாலு படி முறையை சார்லஸ் ஆலன் என்பவர் முதல் உலகப்போர் காலத்துக் கப்பல் கட்டும் பயிற்சியிலேயே கையாண்டிருந்தார். அந்தத் திட்டத்தில், எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கான வகுப்பு மொத்தமே 10 மணி நேரம். 2 மணி நேரம் வீதம் 5 அமர்வு. முதல் அமர்வில் ஒரு முடிச்சு வரும். விளக்கு ஹோல்டருக்குள் போகும் இரட்டை வயரில், இழுத்தாலும் டெர்மினலில் இருந்து பிடுங்கிக்கொண்டு வராமல் இருக்கப் போடுகிற முடிச்சு. பயிற்சியாளர் முதலில் அதை வாயால் மட்டும் விளக்குவார், ஒருவராலும் போட முடியாது. அப்புறம் பேசாமல் செய்து மட்டும் காட்டுவார், அப்போதும் வராது. பிறகு ஒவ்வொரு படியாகச் சொல்லி, செய்து காட்டி, கவனிக்க வேண்டிய இடத்தை அழுத்திச் சொல்லி, கற்பவரையே செய்யவைத்து, செய்துகொண்டே விளக்கவும் வைப்பார். இந்தத் தடவை வந்துவிடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் எழுதச் சொல்லும் ஒரு தாள். இடதுபக்கம் வேலையின் படிகள், வலதுபக்கம் முக்கியக் குறிப்புகள். எது முக்கியக் குறிப்பு என்பதற்கு மூன்றே அளவுகோல்: வேலையை ஆக்கவோ கெடுக்கவோ செய்வது, ஆளுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடியது, வேலையைச் சுலபமாக்குவது. கேட்க எளிதாக இருக்கும். உங்கள் கைக்கு நன்றாகப் பழகிய ஒரு வேலையை எடுத்து எழுதிப் பாருங்கள், வலதுபக்கத்தை நிரப்பத் திணறிவிடுவீர்கள்.

வால்வு கிளியரன்ஸை எழுதப்போய் நானும் திணறினேன். கடைசியில் எனக்கு உதவியது எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை. இன்ஜினைத் தொட்டே பார்க்காதவர். "நீங்க சொல்றதை மட்டும்தான் செய்வேன், நானா எதையும் யோசிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கையுறை போட்டார். மூன்றாவது நிமிஷமே கேட்டார், "இப்ப அளக்கலாம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" நான் விழித்தேன். அப்போதுதான் கவனித்தேன், இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கைத் திருப்பி நிறுத்தியதும் என் விரல் தானாகப் போய் இரண்டு ராக்கரையும் ஆட்டிப் பார்த்திருக்கிறது. இரண்டும் ஆடினால் இரண்டு வால்வும் மூடியிருக்கின்றன, பிஸ்டன் காற்றை அழுத்தும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கிறது, அளக்கலாம். ஆடாவிட்டால் இன்னொரு முழுச்சுற்று திருப்ப வேண்டும். இதை நான் எந்த வகுப்புக்கும் சொன்னதே இல்லை. எத்தனை பிள்ளைகள் தப்பான நேரத்தில் அளந்துவிட்டு, தனக்கு இந்த வேலை வராது என்று நினைத்திருப்பார்கள் என்று யோசித்தபோது மனசு கனத்துப்போனது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. செலவு ஒன்றுமில்லை. நான் போன எந்தப் பயிற்சியையும்விட அதுதான் என்னை மாற்றியது.

அதற்காகத் தொழில் பக்கத்தை விட்டுவிட முடியாது. நான் வேலை பழகியது கார்புரேட்டரில். இன்று மாணவர்கள் போய் நிற்கும் இடத்தில் ஹைப்ரிட், மின்சார வண்டிகளின் உயர் மின்னழுத்த ஆரஞ்சு நிறக் கேபிள் ஓடுகிறது. போன விடுமுறையில் இரண்டு வாரம் ஒரு சர்வீஸ் பட்டறையில் கூடவே நின்று வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் பழைய மாணவன். ஹைப்ரிட் வண்டி ஒன்றில், பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றியதும், மின்சாரம்தான் துண்டித்தாயிற்றே என்று இன்வெர்ட்டர் மூடியில் ஸ்பேனரை வைக்கப் போனேன். "இன்னும் பத்து நிமிஷம் ஆகல, சார்" என்று கையைப் பிடித்து நிறுத்தினான். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டரில் சார்ஜ் நின்றிருக்கும். அந்த வண்டியின் கையேட்டில் பத்து நிமிஷம் என்று போட்டிருந்தது. அது கழிந்த பிறகும் மீட்டரால் அளந்து பூஜ்யம் என்று பார்க்க வேண்டும். மீட்டர் சரியாக இருக்கிறதா என்று அளப்பதற்கு முன்னும் பின்னும் நல்ல பேட்டரியில் சோதிக்க வேண்டும். ரப்பர் கையுறையைச் சுருட்டிக் காற்றை அடைத்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போட வேண்டும். ஒவ்வொன்றையும் காரணத்தோடு சொன்னான். பையன் என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறான்.

திரும்பி வந்த வாரமே அதைப் படிகளும் குறிப்புகளுமாக எழுதி மாணவர்களிடம் கொண்டுபோனேன். தள்ளிப்போட்டிருந்தால் மறந்திருக்கும். இங்கேதான் பள்ளி நிர்வாகங்கள் மேல் எனக்கு வருத்தம். ஆளை அனுப்புகிறார்கள், சான்றிதழைக் கோப்பில் வைக்கிறார்கள், வந்தவனுக்கு அதைப் பாடமாக மாற்ற அரை நாள்கூடத் தருவதில்லை. விடுமுறையில்தான் போக வேண்டும், சொந்த நேரத்தில்தான் எழுத வேண்டும். பட்டறையை ஒரு நாள் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் ஒருவரைக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மாதம் ஒரு மணி நேரம் ஒருவர் பட்டறையில் இன்னொருவர் போய் நிற்கவும் ஏற்பாடு செய்யலாம், அதுவும் வேறு தொழில்காரராக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே தொழில்காரர் வந்தால் நாம் சொல்லாமல் விட்டதை அவர் மனசே நிரப்பிக்கொள்ளும்.

நாங்கள் ஐந்து பேர் இதை யாரும் சொல்லாமலே ஆரம்பித்திருக்கிறோம். அடுத்த வியாழன் வெல்டிங் ஆசிரியரிடம் நான் மாணவன். வாழ்க்கையில் வெல்டிங் டார்ச்சைப் பிடித்ததில்லை. தாளில் இடதுபக்கத்தை அவர் ஏற்கெனவே நிரப்பிக் கொடுத்துவிட்டார், பதினோரு படி. வலதுபக்கத்தில் மூன்று குறிப்புதான் இருக்கிறது. ஐந்தாவது படி, "பட்டுளில் ஒரு கண் வைத்துச் சீராக நகர்த்தவும்." பட்டுள் என்றால் உருகி நிற்கும் உலோகமாம். எவ்வளவு சீராக என்று கேட்கப்போகிறேன்.