பாலஸ்தீன ஆண்களும் பெண்களும்: தொழிலாளர் பங்கேற்பு பற்றி ஆய்வேடு எழுதப் போகிறவர்களுக்கு

முதுகலைப் பொருளாதாரத்தின் கடைசிப் பருவத்தில் பாலஸ்தீன மேற்குக்கரை, காசா ஆகிய பகுதிகளின் தொழிலாளர் பங்கேற்பை, அதாவது வேலை செய்கிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் சேர்ந்து எத்தனை விழுக்காடு என்பதை, ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். முதல் இயலின் வரைவில், பெண்களின் பங்கேற்பு குறைவாக இருப்பதற்குப் பண்பாடே காரணம் என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்தேன். நெறியாளர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘இது காரணமா, காரணம் தெரியாதபோது வைக்கும் பெயரா?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார். அடுத்த எட்டு மாதங்கள் அந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே கழிந்தன. இதே தலைப்பையோ இதை ஒட்டிய ஒன்றையோ எடுப்பவர்களுக்கு, நான் தாமதமாகக் கற்றவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் விகிதங்களைத் தலைகளாக மாற்றிப் பாருங்கள். பாலஸ்தீன மத்தியப் புள்ளியியல் நடுவத்தின் 2022-ஆம் ஆண்டுத் தரவுப்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் சுமார் 71 விழுக்காட்டினரும் பெண்களில் சுமார் 19 விழுக்காட்டினரும் தொழிலாளர் படையில், அதாவது அந்த இரு வகையினருள், இருந்தனர். அப்படையில் இருந்தவர்களுள் ஆண்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்கும் பெண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கும் வேலை இல்லை. அதாவது நூறு பெண்களில் பத்தொன்பது பேர் சந்தைக்கு வந்து, அவர்களில் ஏழெட்டுப் பேர் வேலை கிடைக்காமல் நிற்க, பதினொருவர் மட்டுமே வேலை செய்தார்கள்; நூறு ஆண்களில் வேலை செய்தவர்கள் ஐம்பத்தேழு பேர். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான், ‘பெண்கள் வேலைக்கு வர விரும்பவில்லை’ என்ற வாக்கியம் எவ்வளவு அவசரமானது என்று விளங்கியது. விருப்பமே இல்லை என்றால், வந்தவர்களில் பத்துக்கு நால்வர் வேலை தேடிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

பாடநூல் கற்பித்த எதிர்பார்ப்புகளும் இங்கே பொய்த்தன. 1990-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள் என்றிருந்த கருவள விகிதம் பின்னர் நான்குக்கும் கீழே இறங்கியது. பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். குழந்தை குறைந்து கல்வி கூடினால் பங்கேற்பு வேகமாக உயர வேண்டும். அது உயர்ந்ததென்னவோ உண்மைதான், ஆனால் நத்தை வேகத்தில். இந்த முரண்பாட்டை முன்னுரையிலேயே வைத்துவிட்டால் ஆய்வேட்டுக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

தரவைத் திறப்பதற்கு முன் கணக்கெடுப்பின் வினாப்பட்டியலை வாசியுங்கள். நான் தலைகீழாகச் செய்து ஒரு மாதத்தை வீணாக்கினேன். கணக்கெடுப்பு கேட்கும் குறிப்பிட்ட வாரத்தில் ஊதியத்துக்காகவோ இலாபத்துக்காகவோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தவர் ‘வேலையில் உள்ளவர்’. அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒலிவ அறுவடைக்குக் குடும்பத்தோடு தோப்பிறங்கி, விரித்த துணியில் விழும் காய்களை நாள் முழுதும் பொறுக்கும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பெரும்பாலும் விற்பனைக்கு என்றால் அவர் ஊதியமில்லாக் குடும்ப உழைப்பாளர். அதாவது, தொழிலாளர் படைக்குள். பெரும்பாலும் வீட்டுச் செலவுக்கு என்றால், 2013-இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 19-ஆவது சர்வதேச மாநாடு வகுத்த வரையறைப்படி வெளியே. தேடிச் சலித்து நிறுத்திவிட்டவர்களும் அவ்வரையறையில் வேலையற்றோராக எண்ணப்படுவதில்லை. புள்ளியியல் நடுவம் இந்த வரையறைக்கு மாறியதால், பழைய வெளியீட்டின் எண்ணையும் புதிய வெளியீட்டின் எண்ணையும் ஒரே அட்டவணையில் அருகருகே வைக்காதீர்கள். நான் வைத்தேன், வேலையின்மை திடீரெனக் குறைந்ததுபோல் தோன்றிய அந்த ‘முன்னேற்றத்துக்கு’ இரண்டு பக்க விளக்கமும் எழுதியிருந்தேன்.

அடுத்தது, எனக்கு மிகவும் விலையான பிழை. ஆண்களையும் பெண்களையும் ஒருவர் பங்கேற்கும் வாய்ப்பை மதிப்பிடும் ஒரே புரோபிட் சமன்பாட்டில் போட்டு, பாலினத்தை ஒரு போலி மாறியாக (பெண் என்றால் 1, ஆண் என்றால் 0) சேர்த்திருந்தேன். அப்படிச் செய்தால் திருமணம் இருபாலருக்கும் ஒரே திசையில் இயங்குவதாக மாதிரியே முடிவு கட்டிவிடும். தனித்தனியாக ஓட்டிப் பார்த்தபோது திருமணத்தின் கெழு (அதன் விளைவைக் காட்டும் எண்) ஆண்களுக்கு நேர்மறையாகவும் பெண்களுக்கு எதிர்மறையாகவும் வந்தது. இது யாரும் எதிர்பார்ப்பதே. ஆனால் ஆண்களின் கெழுவுக்குள் குடும்பப் பொறுப்பு மட்டும் இல்லை. இஸ்ரேலில் வேலை செய்வதற்கான அனுமதிச் சீட்டுக்குக் குறைந்தபட்ச வயதும் திருமணமும் பல காலங்களில் நிபந்தனையாக இருந்தன. குடும்பத் தலைவனின் கடமை என்று நாம் வாசிக்கும் எண்ணில் ஒரு பகுதி, சோதனைச் சாவடியில் எழுதப்பட்ட விதி. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு பத்திதான்.

ஆண்களின் பங்கேற்பை எழுதுகையில் இஸ்ரேலிய எல்லையை விட்டு நகர முடியாது. 2000-இல் தொடங்கிய இரண்டாம் இன்டிஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சிக்குப் பின் இஸ்ரேலிய வேலைகள் சரிந்தன; பின்னர் மேற்குக்கரைத் தொழிலாளர்களுக்கு, குறிப்பாகக் கட்டுமானத்தில், அந்தக் கதவு மெல்லத் திறந்தது; 2007 முதல் முற்றுகையில் இருந்த காசாவுக்குப் பெரும்பாலும் மூடியே கிடந்தது. 2022-இல் வேலையின்மை மேற்குக்கரையில் சுமார் 13 விழுக்காடு, காசாவில் சுமார் 45 விழுக்காடு. எனவே இரு பகுதிகளையும் தனித்தனி மாதிரிகளாக மதிப்பிடுங்கள்.

பெண்களின் நிலை வேறு. அவர்களில் மிகச் சிலரே எல்லை கடந்து வேலைக்குப் போகிறார்கள் என்பதால், வீட்டிலிருந்து போய்த் திரும்பும் தொலைவுக்குள் என்ன வேலை இருக்கிறது என்பதே முதற்கேள்வி. கல்வியின் விளைவும் நேர்கோடாக வருவதில்லை: பள்ளிப் படிப்பின் ஒவ்வோர் ஆண்டும் பங்கேற்பை அதிகம் அசைப்பதில்லை, உயர்கல்வியை எட்டியதும் அது சட்டென்று எழுகிறது. ஆகவே கல்வியை ஆண்டுகளாக இடாமல் படிநிலைகளாக இடுங்கள். பட்டதாரிப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவமனை, அரசு அலுவலகம் என மதிப்பான சில வாயில்கள் உண்டு. ஆனால் வாயில்களின் எண்ணிக்கையைவிடப் பட்டங்கள் வேகமாகப் பெருகிவிட்டன. குறைவாகப் படித்தவர்களுக்கு ஒருகாலத்தில் வேலை தந்தவை, இஸ்ரேலிய நிறுவனங்களுக்காகத் துணி தைத்துக் கொடுத்த சிறு தையற்கூடங்கள். எல்லை மூடல்களும் மலிவான இறக்குமதியும் அவற்றைப் பெரும்பாலும் அழித்துவிட்டன. குறைந்தபட்ச ஊதியம் 2013-இல் 1,450 ஷெக்கலாகவும் 2022-இல் 1,880 ஷெக்கலாகவும் நிர்ணயிக்கப்பட்ட போதும், மழலையர் பள்ளி போன்ற இடங்களில் அதற்கும் கீழே சம்பளம் வாங்குகிற பெண்கள் பலர் உள்ளனர். அந்தச் சம்பளத்தில் பேருந்துக் கட்டணத்தையும் குழந்தைக் காப்பகக் கட்டணத்தையும் கழித்துப் பாருங்கள். ரமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் இடையிலுள்ள கலந்தியா போன்ற சோதனைச் சாவடியில் இன்று இருபது நிமிடம், நாளை இரண்டு மணி நேரம் என்றால், காப்பகம் மூடும் நேரத்துக்குள் வந்துவிடுவேன் என்று எந்தத் தாயும் வாக்குக் கொடுக்க முடியாது. வீட்டிலிருப்பது இங்கே பண்பாட்டு முடிவாகவும் இருக்கலாம். கூட்டிக் கழித்த முடிவாகவும் இருக்கலாம். ஆய்வேட்டில் இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்வார்கள்.

வைவாவில் புறத்தேர்வாளர் பொருளாதார அறிஞர் கிளாடியா கோல்டினின் ‘யு’ வடிவ வளைகோட்டைப் பற்றிக் கேட்டார். வேளாண்மையிலிருந்து விலகும்போது பெண் பங்கேற்பு இறங்கி, அலுவலக வேலைகள் பெருகும்போது மீண்டும் ஏறும் என்பது அக்கருத்து. வளைகோட்டின் வலப்பக்கம் ஏறுவதற்கு அந்த வேலைகளை உருவாக்கும் பொருளாதாரம் வேண்டும், அதுதான் அங்கே தடுக்கப்பட்டிருக்கிறது என்று பதில் சொன்னேன். தலையசைத்துவிட்டு மாதிரி எடைகளை, அதாவது கணக்கெடுப்பில் வந்த ஒவ்வொருவரும் மக்களில் எத்தனை பேரைக் குறிக்கிறார் என்ற எண்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். எடை பயன்படுத்தாமல் விளிம்பு விளைவுகளை (ஒரு காரணி மாறும்போது பங்கேற்கும் வாய்ப்பு எவ்வளவு மாறும் என்பதை) கணக்கிட்டிருந்தால் அந்த இடத்திலேயே மாட்டியிருப்பேன். 15 முதல் 24 வயது வரை படித்துக்கொண்டிருப்பவர்களை நீக்கியும் ஒருமுறை ஓட்டி, முடிவு மாறுகிறதா என்று பின்னிணைப்பில் காட்டுங்கள்.

காலவரையறையை 2023-இன் மூன்றாம் காலாண்டோடு நிறுத்துவதே நல்லது. அந்த ஆண்டு அக்டோபர் 7-இல் நடந்த ஹமாஸ் தாக்குதலுக்குப் பின் இஸ்ரேலுக்கான அனுமதிச் சீட்டுகள் நிறுத்தப்பட்டன. போரால் காசாவில் கள ஆய்வே நின்றுபோனது. 2024-இன் நடுவில் அங்கே வேலையின்மை ஏறத்தாழ 80 விழுக்காடு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) மதிப்பிட்டது. வீடும் பள்ளியும் சந்தையும் இடிந்த இடத்தில் திருமணம், கல்வி என்ற மாறிகளுக்குப் பழைய பொருள் இல்லை. அந்தக் காலாண்டுகளைப் பழைய தொடரோடு ஒட்டாமல் தனி இயலில், சமன்பாடு இல்லாமல் எழுதினேன். நெறியாளர் திருத்தாமல் விட்ட இயல் அது ஒன்றுதான்.