நிபோங் திபால் பஸ்

மலேசியாவின் பினாங்கில் ஜூலை 7 மாநில விடுமுறை. 2008இல் அந்தத் தேதியில்தான் மலாக்காவையும் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அதையொட்டி நகருக்குள் இலவச நிகழ்ச்சிகள் நடக்கும். மேடை, ஒலி, கூடாரம் போட்டுத் தரும் சின்ன நிறுவனம் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். லிட்டில் இந்தியாவில் போடும் தெரு மேடை ஒன்று பல வருடம் என் பொறுப்பு. எந்தக் குழு எத்தனை மணிக்கு ஏறும், யாருக்கு எத்தனை மைக், பிள்ளைகள் எங்கே உடை மாற்றுவார்கள், எல்லாம் என் கோப்பில்தான் இருக்கும்.

ஒரு வருடம் மேடைக்குப் பொதுப்பணத்திலிருந்து வரும் மானியம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. காரணமும் சொன்னார்கள்: வடிகால், சாலை, குப்பை. அதை எதிர்த்து யார் பேசுவது? மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற ஊரில் உறுமி மேளத்துக்குக் காசு கொடு என்று கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

சரி, எதை வெட்டுவது? மேடையைச் சுருக்கினால் படத்தில் தெரியும். ஜெனரேட்டர், லைசென்ஸ், காப்புறுதி மூன்றிலும் கை வைக்க முடியாது. மிஞ்சியது படத்தில் தெரியாதவை: நாற்காலிகள், இரண்டாவது கூடாரம், நடமாடும் கழிப்பறைகளில் பாதி, அப்புறம் பஸ். யாரும் என்னிடம் பஸ்ஸை வெட்டு என்று சொல்லவில்லை. அந்த வரியின் மேல் கோடு போட்டது என் பேனாதான்.

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டப்புறப் பள்ளி ஒன்றிலிருந்து வருடா வருடம் கோலாட்டக் குழு ஒன்று வரும். ஜார்ஜ் டவுன் இருப்பது தீவில்; அவர்கள் பெருநிலத்திலிருந்து பாலம் தாண்டி வரவேண்டும். 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் அவர்களுக்குக் கிட்டம். கடலைப் பார்த்ததும் பிள்ளைகள் பஸ்ஸுக்குள்ளேயே கோலைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்று ஓட்டுநர் புலம்புவார்.

டீச்சரை அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பேமெண்ட் இல்லாட்டி பரவால்ல தம்பி. பஸ்ஸு?"

"பெற்றோர் யாராவது..."

"அப்பாமாருங்க ஷிப்டு வேலை. மோட்டார்ல புள்ளைங்கள வச்சிப் பாலம் தாண்டச் சொல்றீங்களா?"

அவர்களுக்குப் பதிலாகத் தீவிலேயே இருக்கும் ஒரு நடன வகுப்பைப் போட்டோம். பெற்றோரின் கார்களில் வந்தார்கள், அழகாக ஆடினார்கள். குறையே சொல்ல முடியாது. கூட்டத்தில் யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. நாற்காலி கிடைக்காத வயதானவர்கள் மட்டும் கடைகளின் அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்கள். 'நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை சென்ற ஆண்டைப் போலவே' என்று அறிக்கையில் நான்தான் எழுதினேன். பொய் இல்லை.

அடுத்த கூட்டத்தில் ஒரு அதிகாரி, நல்ல மனிதர், கேட்டார்: தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியெல்லாம் உங்கள் ஆட்கள் சொந்தக் காசில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்களே, இதையும் அப்படியே நடத்தலாமே? எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போகும்போது நெரிசலில் வந்தது.

பந்தல் போடுகிறவருக்கு நேர்த்திக்கடன் இருக்கிறது. மகன் பிழைத்தான், வேலை கிடைத்தது, முருகனுக்குச் சொன்னதைச் செய்கிறார். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீனர் தெருக்களில் நடக்கும் கூத்துக்கும் அக்கம்பக்கத்தார் காசு போடுவார்கள். அங்கே கேட்பது சாமி, கொடுக்காமல் இருக்க முடியாது. என் மேடையில் மலாய்க்காரர்களின் பாட்டும் ஆட்டமுமான போரியா முடிந்ததும் உறுமி ஏறும், உறுமி இறங்கியதும் சீனப் பொம்மலாட்டம். அதற்கு யார் வேண்டிக்கொள்வார்? குழந்தை பிறந்தால் போரியா குழுவுக்கு நூறு நாற்காலி போடுகிறேன் என்று எந்த அம்மாவும் மாரியம்மன் சந்நிதியில் சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் சொந்தமான மேடைக்குப் பொதுப்பணம் ஒன்றுதான் உபயக்காரர். இதை அந்தக் கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்பான்சர் பிடித்தோம், கிடைத்தது. டீச்சரின் பிள்ளைகள் முன்பு ஆடிய அதே நேரத்தில் இப்போது 20 நிமிடம் லக்கி டிரா.

நான் அந்த வேலையை விட்டு வேறு வேலைக்கு வந்துவிட்டேன். ஆனால் என் போனில் 'நிபோங் திபால் பஸ்' என்று சேமித்த நம்பரிலிருந்து ஜூன் மாதம் ஆனால் அழைப்பு வரும்.

"அண்ணே, இந்த வருசம் உண்டா? இருந்தா சொல்லுங்க, வேற ஆர்டர் எடுக்காம வைக்கிறேன்."

வேலை மாறியதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.