40 நிமிடப் பாடவேளையில் விக்கிப்பீடியா

செயற்றிட்டம் என்றதும் பிள்ளைகள் போய்ப் பார்த்தெழுதுவது தமிழ் விக்கிப்பீடியாவில். 2003 முதல் வளர்ந்துவரும் கலைக்களஞ்சியம் அது. பார்த்தெழுதுவதோடு விட்டுவிடுவது பெரிய இழப்பு. பிள்ளைகளையே அதில் சரிபார்க்கவும் எழுதவும் வைக்க, கொழும்பில் தரம் 10, 11 வகுப்புகளுக்கு ஒத்துவந்த ஒழுங்கு இது.

முதலில் இடறுவது கணக்குத் திறப்பதில். ஒரே இணைய முகவரியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் 6 புதிய கணக்குகள்தான் திறக்கலாம். கணினி அறையில் எல்லோருக்கும் ஒரே இணைப்பு என்பதால் ஏழாவது பிள்ளையோடு வேலை நின்றுவிடும். ஒரு வாரம் முன்பே வீட்டிலிருந்து திறந்துவரச் சொல்லுங்கள். பயனர் பெயரில் சொந்தப் பெயரோ பாடசாலையோ வேண்டாம்.

அடுத்தது பாமினி. நம் பழைய குறிப்புகளும் வினாத்தாள்களும் பெரும்பாலும் அந்த எழுத்துருவில்தான் இருக்கின்றன; அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றிய பிறகும் கொம்பும் காலும் சரியாக இருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள்.

முதற் பாடவேளையில் எதையும் எழுத விடக்கூடாது. கொழும்பு தேசிய அருங்காட்சியகம் பற்றிய பக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அருகருகே திறந்து, திறப்பு ஆண்டான 1877ஐத் தேடச் சொல்லுங்கள். அந்த வரிக்கு உசாத்துணை எண் உண்டா? எண்ணை அழுத்தினால் வரும் மூலம் உண்மையில் அதைச் சொல்கிறதா? எண் மட்டும் இருந்து, மூலத்தில் அந்தச் செய்தியே இல்லாத இடங்கள் அகப்படும். பிறகு, ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும் பக்க வரலாற்றைத் திறந்து, குறித்த வாக்கியம் எந்தத் திகதியில் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். வாக்கியம் 2012இல் வந்திருக்க, உசாத்துணையாகக் காட்டிய பத்திரிகைச் செய்தி 2015ஆம் ஆண்டினது என்றால், பத்திரிகையே விக்கியிலிருந்து எடுத்திருக்கலாம். ஆய்வுப் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி பாடநூலில் இல்லை.

இரண்டாம் பாடவேளையில் மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் பக்கம்) 3 வாக்கியம், 2 மூலம். அது போதும். மூலத்துக்கு, இணையத்தில் உள்ள ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தையும் வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகத்தையும் காட்டிவிடுங்கள். நூலாசிரியர், ஆண்டு, பக்க எண் மூன்றும் கட்டாயம். பாடநூல் பந்தியை அப்படியே போட்டால் பதிப்புரிமை மீறல் என்று நீக்கிவிடுவார்கள், அது நியாயமும்கூட. சொந்தப் பாடசாலையைப் பற்றி எழுத ஆசைப்படுவார்கள். ‘புகழ்பூத்த’, ‘தலைசிறந்த’ என்று தொடங்கி விளம்பரமாகிவிடும்.

கலைச்சொல்லில் மோதல் வரும். நமக்கு ஒளித்தொகுப்பு, தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை. நமக்கு ஒட்சிசன், அங்கே ஆக்சிஜன். தலைப்பை மாற்றப் போகாமல், முதல் வரியில் இரு வழக்கையும் தந்து, மற்றச் சொல்லைத் தேடுபவரும் அதே பக்கத்துக்கு வரும்படி வழிமாற்று அமைத்தால் சண்டை வராது. பரீட்சைத் தாளில் மட்டும் நம் பாடநூற் சொல்லே வரவேண்டும்.

எழுதியதை யாராவது நீக்கிப் பழையபடி மீளமைத்தால் பிள்ளை வாடிப்போகும். உடனே திரும்பப் போடாமல், பேச்சுப் பக்கத்தில் காரணம் கேட்டு, நான்கு அலைக்குறியிட்டு (~~~~) ஒப்பமிடப் பழக்குங்கள். புள்ளியைப் பக்கத்தில் மிஞ்சியிருப்பதற்கு அல்ல, வரலாற்றில் பதிவான உழைப்புக்கும் அந்த உரையாடலுக்கும் கொடுங்கள். செயற்றிட்ட அறிக்கையில் விக்கிப் பக்கத்தைக் குறிப்பிட நேர்ந்தால், பார்த்த திகதியோடு அந்தப் பதிப்பின் நிலையான இணைப்பையும் எழுத வேண்டும்; சாதாரண முகவரி கொடுத்தால், நாளை திறப்பவருக்கு வேறு பக்கம் வந்துவிடும்.