அமுக்கரா: பிட்டவியல் கைக்கு வந்துவிட்டது

மாடியில் வளர்த்த அமுக்கராவை (அஸ்வகந்தா என்பதும் இதுதான்) மாசியில் பிடுங்கி, வேரை உலர்த்தி, இடித்து, சலித்து, இப்போது பாலில் பிட்டவித்தும் ஆயிற்று. பிட்டவியல் என்றால் மருந்துப் பொடியைப் பால் ஆவியில் பிட்டு போல அவித்துச் சுத்தி செய்வது. பொடி கட்டி தட்டவில்லை, அடியில் கூழாகவில்லை, உதிரி உதிரியாக வந்திருக்கிறது. மருந்து செய்கிற வைத்தியர்களுக்கு இது அன்றாட வேலை. வீட்டு அடுப்பில் முயன்று நொந்தவர்களுக்குத்தான் என் குதிப்பு புரியும்.

வளர்ப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆவணியில் விதைத்தது. கத்தரிக் குடும்பம், அதனால் கத்தரிக்கு வரும் புள்ளி வண்டு இதையும் விடவில்லை; காலையில் கையால் பொறுக்கிப் போட்டதோடு சரி. பயந்தது ஐப்பசி மழைக்குத்தான். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கலவையில் பாதிக்கு மேல் மணல் என்பதால் தப்பித்தது. தொழுவுரத்தை அள்ளிப் போடுகிறவர்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இலை தளதளவென்று வரும், வேர் நூலாக நிற்கும். பழம் சிவந்து, அடி இலை காய்ந்து உதிர ஆரம்பித்ததும் பிடுங்கிவிட்டேன்.

ஒரு பெருமையை மட்டும் சொல்லிவிடுகிறேன். குட்டைப் பைகளில் வேர் அடியைத் தொட்டதும் சுருண்டுகொள்ளும். நான் பழைய நீல டிரம்மைக் குறுக்கே வெட்டி அதில் வைத்தேன், வேர் நேராக இறங்கிவிட்டது. மத்தியப் பிரதேசத்து நீமச், மந்த்சௌர் பக்கம்தான் இதற்குப் பெரிய சந்தை. அங்கே முதல் தரம் என்றால் 7 செ.மீ. வரை நீளத் துண்டு, 1 முதல் 1.5 செ.மீ. பருமன், ஒடித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு. என்னுடையதில் பாதியாவது அந்தப் பருமனுக்கு வந்திருக்கும். பச்சை வேரின் நாற்றத்துக்குப் பயந்து, காய்கிற வரை வீட்டில் யாரும் மாடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அளவை நினைத்து ஆசைப்பட வேண்டாம்: வயலிலேயே எக்டேருக்கு 3 முதல் 5 குவிண்டால் உலர் வேர்தான் தேறும். எனக்குச் சலித்த பிறகு நின்றது 160 கிராம்.

இனி பிட்டவியல். சட்டியில் பாலும் தண்ணீரும் சரிபாதி, வாயில் துணியை இழுத்துக் கட்டி, மேலே பொடி, அதன் மேல் மூடி, சந்துக்கு ஈரத்துணி, பிறகு அடுப்பு. எந்த நூலைப் புரட்டினாலும் இவ்வளவுதான் இருக்கும். இதில் எழுதாமல் விட்ட இடங்களில்தான் வேலை மொத்தமும் இருக்கிறது.

முதல் தொல்லை பால். தண்ணீர் கலந்தாலும் பொங்கும். பொங்கி துணியைத் தொட்டுவிட்டால் அந்த இடத்துப் பொடி அடியிலிருந்து நனைந்து பசையாகிவிடும், பிறகு ஆவி அதைத் தாண்டி மேலே ஏறாது. சட்டி பெரிதாக இருக்க வேண்டும், பால் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. துணியை விறைப்பாகக் கட்ட வேண்டும், பொடியின் கனத்துக்கே நடுவில் தொங்கிவிடும். நான் இட்லித் துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டினேன். தீ சிறியதாகவே இருக்கட்டும். அவசரப்பட்டுக் கூட்டினால் பால் மேலே வந்துவிடும்.

இரண்டாவது, பொடியின் ஈரம். உலர்ந்த பொடியை அப்படியே பரப்பினால் மேல் பரப்பு மட்டும் ஆவியைக் குடித்துத் தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். வேர் முழுக்க மாவுச்சத்து, வேறு என்ன செய்யும்? பாலைத் தெளித்துத் தெளித்துப் பிசிற வேண்டும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அரிசிமாவுப் பிட்டு அவித்துப் பழகிய கை இருந்தால் இந்தப் பதம் தானாகத் தெரியும். பிசிறியதை ஒரு தரம் சல்லடையில் தேய்த்து, அழுத்தாமல் தூவ வேண்டும். ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாதீர்கள்.

மூன்றாவது, மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர். தட்டையான மூடி என்றால் பொடியின் நடுவில் சொட்டிக் குழி விழும். குழிவான சட்டியைக் கவிழ்த்து மூடினேன், வேர்வை ஓரத்தோடு வழிந்து போயிற்று.

வெந்ததும் பழைய நாற்றம் அடங்கி, சுண்டக் காய்ச்சிய பால் வாசனை வரும். அதோடு இறக்கி, வெயிலில் மெல்லிய துணி மூடி உலர்த்தி, மறுபடி இடித்துச் சலிக்க வேண்டும். பால் பட்ட பொடி என்பதால் மழைக்காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். எறும்பு தனிக்கதை.

இந்தப் பொடி கடைசியில் போய்ச் சேருவது அமுக்கராச் சூரணம் என்ற மருந்துக் கலவையில். சிலர் அந்தச் சூரணத்தின் எல்லாச் சரக்கையும் கலந்த பிறகு மொத்தமாகப் பிட்டவிக்கிறார்கள். ஏலமும் கிராம்பும் வாசனையை ஆவியோடு விட்டுவிடும் என்பது என் கட்சி. அதனால் வேரை மட்டும் தனியே அவித்தேன்.

அமுக்கராச் சூரணத்தின் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிராம்பு 1, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று இரட்டித்துக்கொண்டே போகும். என் 160 கிராமுக்கு கிராம்பு இரண்டரை கிராம், சுக்கு 80, சர்க்கரை 320. நகை எடை போடும் சின்னத் தராசு வாங்கினேன், சமையலறைத் தராசு இரண்டரை கிராமைக் கண்டுகொள்வதே இல்லை.

மாட்டிக்கொண்டிருப்பது சிறுநாகப்பூவில். வேண்டியது 5 கிராம். ஒரு நாட்டு மருந்துக் கடையில் நாகப்பூ மரத்து மொட்டு தருகிறார்கள், அடுத்த கடையில் லவங்கப்பட்டை மரத்துப் பிஞ்சுக் காயை அதே பெயரில் தருகிறார்கள், இரண்டு பேரும் சத்தியம் செய்கிறார்கள். பிஞ்சை வாயில் போட்டால் பட்டை காரம் தெரியும், அதை வைத்து ஒதுக்கலாம். மொட்டிலும் கலப்படம் உண்டு. தெரிந்த சித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் சேர்ப்பேன். சூரணத்தைச் சாப்பிடும் அளவையும் அவர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்காமல் அமுக்கராவைத் தொடவே கூடாது. ஈரல் பாதிப்புச் செய்திகளும் வந்திருக்கின்றன. டென்மார்க் 2023-இல் இதைத் தடையே செய்தது. செடியில் இலை நிறைய மிஞ்சுகிறதே என்று டீ போடும் ஆசையும் வேண்டாம், வேருக்கும் இலைக்கும் சத்து வேறு. என் இலை எல்லாம் உரக்குழிக்குப் போயிற்று.

அடுத்த ஆவணிக்கு லக்னோவின் சீமாப் (CIMAP) என்ற மூலிகை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட போஷிதா ரக விதை தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு டிரம்களில் அது, ஒன்றில் நம் ஊர் நாட்டு அமுக்கரா, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டிரம் விலைதான் ஏறிவிட்டது.

சிறுநாகப்பூ முடிவாகிற வரை பொடி கண்ணாடிக் குப்பியில் தனியாக இருக்கிறது. சர்க்கரையைக் கடைசியாகத்தான் சேர்ப்பேன், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பனங்கற்கண்டு போடலாமே என்கிறார் அம்மா. கணக்கில் சர்க்கரை என்றுதான் இருக்கிறது என்றால் கேட்பதாக இல்லை. பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு விதமாகவும் கலக்கிவிட வேண்டியதுதான்.